பூஜ்யத்தில் பாதி எவ்வளவு?



நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "சார், அமெரிக்காவுல ரோட்டுக்கு அடியில போட்ட குழாய்க்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் கேஸ் போச்சாமே, நிஜமா?" நிஜம்தான். வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. பதில் கொஞ்சம் நீளம், எழுதியே விடுகிறேன் என்றேன். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஓடையின் குறுக்கே சாலை போடும்போது தண்ணீர் போக அடியில் ஒரு குழாயைப் பதித்து மேலே மண் கொட்டுவோமே, அதைச் சிறுபாலம் என்கிறோம். ஒப்பந்ததாரர்கள் வாயில் அது 'கல்வெர்ட்'. பள்ளியில் இந்தச் சொல்லைச் சொன்னாலே சரித்திர வாத்தியார் கல்வெட்டைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள். இந்தக் கதையில் இரண்டுமே வருகின்றன. ஒரு கல்வெர்ட்டுக்கும் ஒரு கல்வெட்டுக்கும் நடந்த வழக்கு என்றே சொல்லலாம். அங்கே கல்வெட்டு என்பது காகிதத்தில் எழுதிய உடன்படிக்கை. அவ்வளவுதான் வித்தியாசம்.

1854ஆம் ஆண்டு டிசம்பர் 26. அமெரிக்காவின் வடமேற்கு மூலை. பசிபிக் கடல் உள்ளே புகுந்து பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கும் பியூஜெட் சவுண்ட் என்ற நீர்ப்பரப்பின் தெற்கு ஓரம். மெடிசின் கிரீக் என்ற ஓடைக்கரையில் வாஷிங்டன் பிரதேசத்தின் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ், நிஸ்குவாலி, புயாலப் முதலான பழங்குடி மக்களைக் கூட்டி ஓர் உடன்படிக்கை செய்தார். அடுத்தடுத்து இன்னும் சில உடன்படிக்கைகள். எல்லாம் சேர்ந்து அந்த மக்கள் விட்டுக்கொடுத்த நிலம் சுமார் 6 கோடியே 40 லட்சம் ஏக்கர். நம் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுவார்த்தை நடந்த மொழி எது தெரியுமா? ஆங்கிலமும் இல்லை, அந்த மக்களின் தாய்மொழியும் இல்லை. சினூக் ஜார்கன் என்ற வியாபாரக் கலப்பு மொழி. சில நூறு சொற்கள்தான் அதில் உண்டு. மீன் என்ன விலை, கம்பளி என்ன விலை என்று பேரம் பேசுவதற்கான பாஷையில் ஒரு நாட்டையே எழுதி வாங்கினார்கள்.

அவ்வளவு நிலத்தைக் கொடுத்தவர்கள் ஒன்றை மட்டும் விடவில்லை. தாங்கள் வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களிலெல்லாம், குடியேறியவர்களோடு பொதுவாக, மீன் பிடிக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பது உடன்படிக்கையில் எழுதப்பட்டது. நிலத்தைவிட மீன் பெரிதா என்று கேட்பீர்கள். நிஸ்குவாலி மக்களுக்கு முதலில் ஒதுக்கிய இடம் ஆற்றைவிட்டு விலகிய கல்மேடு. அதை எதிர்த்து மூண்ட சண்டையில் அவர்களின் தலைவர் லெஷையை 1858இல் தூக்கிலிட்டார்கள். 2004இல், ஏறக்குறைய 150 ஆண்டு கழித்து, வாஷிங்டனில் கூடிய ஒரு வரலாற்று விசாரணை மன்றம் அவர் குற்றமற்றவர் என்று சொன்னது. ஆறு இல்லாத இடத்தில் அந்த மக்களுக்கு வாழ்வு இல்லை.

காரணம் சால்மன். நம் ஊரில் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியும் நாளில், கெண்டையும் கெளுத்தியும் தண்ணீரை எதிர்த்துத் துள்ளி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். சால்மன் அந்த எதிர்நீச்சலையே வாழ்க்கையாகக் கொண்ட மீன். மலையோடையின் கூழாங்கற்களுக்கு நடுவே பொரிந்து, குஞ்சாக ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போய், சில ஆண்டுகள் அங்கே வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஓடைக்கே மணம் பிடித்துத் திரும்பி வரும். பசிபிக் சால்மன் வகைகள் முட்டையிட்டதும் இறந்துபோகும். அந்த உடலைக் கரடியும் கழுகும் தின்னும். மிச்சம் காட்டு மரத்துக்கு உரம். கடலின் சத்தை மலைக்குச் சுமந்து வரும் கூலியாள் அது.

உடன்படிக்கை போட்டாயிற்று. காப்பாற்றினார்களா? கொலம்பியா ஆற்றங்கரையில் வினன்ஸ் என்ற சகோதரர்கள் நிலம் வாங்கி, தண்ணீர் வேகத்தில் சுழன்று மீனை அள்ளும் ராட்டினங்களை நிறுத்தினார்கள். கரை எங்கள் பட்டா நிலம், யாக்கமா மக்கள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். 1905இல் உச்ச நீதிமன்றம் பழங்குடிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு. மீன் பிடிக்கும் உரிமை அரசு அவர்களுக்குக் கொடுத்த சலுகை இல்லை, நிலத்தைக் கொடுத்தபோது அவர்கள் தங்களுக்கென்று நிறுத்திவைத்துக்கொண்டது என்றது நீதிமன்றம். வீட்டை விற்கும்போது கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியதையை விற்காமல் வைத்துக்கொள்வார்களே, அதுபோல.

ஆனால் தீர்ப்பு வேறு, ஆற்றங்கரை வேறு. மாநில அரசு மீன்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் பழங்குடிகளின் வலைகளைப் பறித்தது, ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டது. நிஸ்குவாலி ஆற்றில் பில்லி ஃபிராங்க் என்ற பையனை முதன்முதலில் கைது செய்தது 1945இல். அப்போது அவனுக்கு வயது 14. அதன்பின் அவர் கைதானது 50 முறைக்கும் மேல். 1960களில் அந்த மக்கள் சட்டத்தை மீறி வலை வீசுவதையே அறப்போராட்டமாக்கினார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின இளைஞர்கள் உணவகங்களில் உட்கார்ந்து மறியல் செய்தார்களே, அதைப் பார்த்து எழுந்த வடிவம் இது. நாம் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினோம், அவர்கள் மீன் அள்ளினார்கள். 1964இல் புயாலப் ஆற்றில் நடிகர் மார்லன் பிராண்டோவும் வந்து கைதானார். 'காட்ஃபாதர்' பார்த்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார். 'பொதுவாக' என்று உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது அல்லவா? அப்படியென்றால் சமமாக. பிடிக்கக்கூடிய மீனில் பாதிவரை பழங்குடிகளுக்கு உரியது. மாநிலமே கொந்தளித்தது. நீதிபதியின் கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதி செய்தது.

இங்கேதான் கணக்கு வாத்தியார் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது. மீனில் பாதி உனக்கு என்றால், ஆற்றில் மீனே இல்லாமல் போனால்? பூஜ்யத்தில் பாதி எவ்வளவு?

மீன் குறைந்துகொண்டே வந்தது. பெரிய அணைகள் ஒரு காரணம். அவை கண்ணுக்குத் தெரியும், புகைப்படத்தில் வரும். எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்து எடுத்தபோது உலகமே பார்த்தது. யாருக்கும் தெரியாத காரணம் சாலைக்கு அடியில் இருந்தது.

குழாய் எப்படி மீனைத் தடுக்கும்? தண்ணீர்தான் போகிறதே? பொறியாளர்கள் குழாயின் அளவைத் தண்ணீரைக் கணக்கிட்டுத்தான் போட்டார்கள், மீனைக் கணக்கிடவில்லை. 10 அடி அகலத்தில் நிதானமாக நடந்துவரும் ஓடையை 3 அடிக் குழாயில் திணித்தால் அது ஓடத் தொடங்கும். மீன் ஒதுங்கி மூச்சுவாங்க உள்ளே ஒரு கல்கூட இருக்காது. குழாயின் வாயிலிருந்து பாயும் தண்ணீர் கீழே தரையை அரித்து அரித்துப் பள்ளமாக்கும். சில வருடத்தில் குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கும். பெரிய மீன் தாவிப் பார்க்கும், சுவரில் மோதும், விழும். குஞ்சுக்கு அதுவும் முடியாது. கோஹோ என்ற வகையின் குஞ்சு ஒரு வருடமாவது ஓடையிலேயே தங்கி வளர்வது. வெள்ளக் காலத்தில் சின்னச் சின்னக் கிளை ஓடைகளில் ஏறித்தான் பிழைக்கும். அந்த வழியும் அடைபட்டது. குழாய்க்கு மேலே பல மைல் நல்ல ஓடை இருக்கும். அதில் மீன் இருக்காது.

சாலையின் இரண்டாவது கெடுதல் மண். இதைக் குழாயிலிருந்து பிரிக்க முடியாது, அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

பெண் சால்மன் வாலால் கூழாங்கற்களைப் புரட்டிக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் குளிர்ந்த தண்ணீர்தான் அந்த முட்டைகளுக்கு மூச்சு. அந்த இடுக்கில் பொடிமண் போய் அடைத்தால் முட்டை மூச்சுத்திணறிச் சாகும். தப்பிப் பொரிந்த குஞ்சும் மேலே வர முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

மண் எங்கிருந்து வருகிறது? மரம் ஏற்றும் லாரிக்காகக் காட்டுக்குள் போட்ட சரளைச் சாலைகளிலிருந்து. நம் மலைப்பக்கத்தில் கூப்பு ரோடு என்பார்கள். லாரிச் சக்கரம் சரளையை அரைத்து மாவாக்கும். மழை அந்த மாவைக் கரைத்து ஓரக் கால்வாயில் இறக்கும். கால்வாய் நேரே ஓடைக்குப் போய்ச் சேரும். லெஸ்லி ரீட், தாமஸ் டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே மாநிலத்தின் கிளியர்வாட்டர் ஆற்றுப் பகுதியில் இதை அளந்து 1984இல் வெளியிட்டார்கள். லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை, கைவிடப்பட்ட சாலையைப் போல 130 மடங்கு மண்ணை ஓடைக்கு அனுப்புகிறது. அதே இடத்தில் தார் போட்ட சாலையிலிருந்து வருவது, லாரி ஓடும் சரளைச் சாலையிலிருந்து வருவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, மண்ணுக்குக் காரணம் மழை மட்டுமல்ல. சாலையை எப்படிப் போடுகிறோம், எப்போது ஓட்டுகிறோம் என்பதும்தான்.

இதற்கு முன்பே ஐடஹோ மாநிலம் ஒரு பாடம் கற்றிருந்தது. அங்கே சால்மன் ஆற்றின் தெற்குக் கிளையில் 1950 முதல் 1965 வரை மரம் வெட்டச் சரிவுகளில் சாலைகளாகப் போட்டார்கள். 1964, 1965 மழையில் அந்தச் சாலைகள் சரிந்து, சால்மன் முட்டையிடும் கூழாங்கல் படுகைகளின் மேல் மணல் மூடியது. 1966இல் மரம் வெட்டுவதையும் சாலை போடுவதையும் வனத்துறை நிறுத்த வேண்டியதாயிற்று. சின்னக் குழாயும் மண்ணும் கூட்டாளிகள். வெள்ளத்தில் மரக்கட்டை வந்து குழாயை அடைத்தால் தண்ணீர் சாலையின் மேலேறி, சாலையையே அறுத்து, கொட்டிய மண் அத்தனையையும் ஓடைக்குள் தள்ளிவிடும்.

இனி வழக்குக்கு வருகிறேன். மீனுக்கு வாழிடமும் வேண்டும், அதையும் உடன்படிக்கை காக்கிறது என்று பழங்குடிகள் ஏற்கெனவே கேட்டுப் பார்த்தார்கள். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது, குறிப்பான ஒரு விவகாரத்தோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டது. அவர்கள் 16 ஆண்டு கழித்து ஒரு குறிப்பான விவகாரத்தோடு வந்தார்கள். குழாய்!

நல்ல தேர்வு அது. அணை என்றால் மின்சாரம் என்பார்கள், காடு என்றால் தொழில் என்பார்கள். குழாயின் அடைப்பால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. அதோடு, சாலைக் குழாய்த் தடைகள் அடிக்கடி காணப்படுபவை, எளிதில் திருத்தக்கூடியவை என்று மாநிலத்தின் இரண்டு துறைகளே 1997இல் சட்டமன்றத்துக்கு அறிக்கை கொடுத்திருந்தன. திருத்தினால் ஆண்டுக்கு 2 லட்சம் வளர்ந்த மீன்கள் கூடுதலாகக் கிடைக்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. அரசின் சொந்தக் கையெழுத்தே சாட்சி.

2001இல் 21 பழங்குடிகள் வழக்குத் தொடுத்தன. 2007இல் நீதிபதி ரிக்கார்டோ மார்டினெஸ் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2013இல் காலக்கெடுவோடு ஆணையிட்டார். நெடுஞ்சாலைத் துறையின் குழாய்களில் அடைபட்டிருக்கும் வாழிடத்தில் 90 சதவீதத்தை 2030க்குள் திறந்துவிட வேண்டும். மாநிலம் மேல்முறையீடு செய்தது. அங்கே நீதிபதிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பியூஜெட் சவுண்டில் கலக்கும் ஒவ்வொரு சால்மன் ஓடையையும் அரசு அடைத்துவிட்டால், அதுவும் உடன்படிக்கைக்கு விரோதம் இல்லையா? விரோதம் இல்லை என்பதுதான் மாநிலத்தின் வாதமாக இருந்தது.

என் 30 வருட வகுப்பறை அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு வாதம் எங்கே போய் முடியும் என்று பார்க்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. மீன் பிடிக்க உரிமை உண்டு, மீன் இருக்க வேண்டும் என்பதில்லை என்றால், அது உரிமையா? தூண்டிலையும் படகையும் எடுத்துக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் உரிமை. இதற்காகவா தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு நிலத்தை ஒருவர் எழுதிக் கொடுப்பார்? 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடிகள் பக்கமே நின்றது.

2018 ஜூன் 11. உச்ச நீதிமன்றம். நீதிபதி கென்னடி 1985 வழக்கில் கீழ் நீதிமன்றத்தில் இருந்தவர், அதனால் விலகிக்கொண்டார். மிச்சம் எட்டுப் பேர். நாலுக்கு நாலு. சமமாகப் பிரிந்தால் கீழ்த் தீர்ப்பு நிற்கும் என்பது விதி. 164 ஆண்டுக் கதைக்கு ஒற்றை வரியில் முடிவு எழுதினார்கள். 50 முறை கைதான பில்லி ஃபிராங்க் அதைப் பார்க்கவில்லை. 2014இல் காலமாகிவிட்டார். அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருதை மறைவுக்குப் பிறகு அவருக்கு அளித்தார்கள்.

இப்போது அங்கே குழாய்களைத் தோண்டி எடுத்து வருகிறார்கள். புதிய முறையில், தண்ணீரைக் கணக்கிடுவதோடு நிறுத்தாமல் ஓடையையே அளக்கிறார்கள். ஓடையின் அகலத்தைப் போல 1.2 மடங்கு, அதோடு 2 அடி, இது அங்கே அவர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு. அடியில் கான்கிரீட் இல்லை, கல்லும் மணலும்தான். மீனுக்குச் சாலை இருப்பதே தெரியக்கூடாது. காட்டுச் சாலைகளுக்கும் 1999இல் சட்டம் வந்தது. பெரிய நில உரிமையாளர்கள் தங்கள் சாலைகளைக் கணக்கெடுத்து, ஓரக் கால்வாய்த் தண்ணீர் ஓடைக்கு வருமுன்பே காட்டுத் தரையில் திருப்பிவிட வேண்டும், வேண்டாத சாலையை முறையாகக் கைவிட வேண்டும். 2016 என்று வைத்த கெடு 2021வரை நீண்டது.

எல்லாம் சுபம் என்று முடிக்க மாட்டேன். செலவு பல நூறு கோடி டாலர். மாநிலம் ஒரு குழாயைத் திறந்தாலும், அதே ஓடையில் மேலேயும் கீழேயும் உள்ளாட்சிக் குழாய், தனியார் குழாய் அடைத்துக்கொண்டு நிற்கிறது. தீர்ப்பு அவற்றைத் தொடாது. பியூஜெட் சவுண்டின் சினூக் சால்மன் 1999இல் ஆபத்துப் பட்டியலில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

நம் ஊரில் இதெல்லாம் யார் யோசித்தார்கள் என்று கேட்பீர்கள். மதராஸ் மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே, இந்தியாவின் நன்னீர் மீன்களைப் பற்றி 1873இல் கொடுத்த அறிக்கையில், ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைக்கட்டுகள் மீன் ஏறுவதைத் தடுக்கின்றன என்று எழுதினார். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் மீனுக்குத் தமிழில் உள்ளம் என்று பெயர். கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த மீன். 1934இல் மேட்டூர் அணை வந்தது. இன்று நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது.

சோழர் கல்வெட்டுகளில் 'சந்திராதித்தவற்' என்று வரும், நினைவிருக்கிறதா? சந்திரனும் சூரியனும் உள்ளவரை இந்தத் தர்மம் நிற்கட்டும் என்பது பொருள். கொடுப்பது ராஜாதான். ஆனால் நிறுத்துவது பின்னால் வரும் சாமானியன். ஆளுநர் ஸ்டீவன்ஸ் எழுதிக் கொடுத்ததை மீறியது ஏதோ ஒரு கொடுங்கோலன் இல்லை. ஓடையை அளக்காமல் கையிருப்பில் இருந்த குழாயைப் பதித்துவிட்டுப் போன ஊழியர்கள். அவர்களில் ஒருவருக்கும் உடன்படிக்கையைப் பற்றித் தெரிந்திருக்காது, கெட்ட எண்ணமும் இருந்திருக்காது.

கேள்வி கேட்ட பொறியாளருக்கும், பொதுப்பணித் துறையிலும் வனத்துறையிலும் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். அடுத்த முறை ஒரு சிறுபாலத்துக்கு மதிப்பீடு போடும்போது, தண்ணீரைக் கணக்கிட்ட பிறகு ஐந்து நிமிடம் ஓடைக்குள் இறங்கி நில்லுங்கள். அதன் அகலத்தை அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் என்ன மீன் ஏறும் என்று பக்கத்தில் ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.

உங்கள் ஊர் ஓடையில் எந்த மீன் ஏறியது, இப்போது ஏறுகிறதா என்று கீழே எழுதுங்கள். பெயரை உங்கள் ஊர் வழக்கிலேயே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்